திருப்பிச் சொன்னவர்

என் நாட்குறிப்பில் அவருக்குப் பெயர் கிடையாது. ‘உ’ என்ற ஒற்றை எழுத்துதான். உஸ்தாத் என்பதன் சுருக்கம் அது. பட்டாளத்தில் அனுபவப்பட்ட ஹவில்தாரை இளையவர்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் நானும் ரேடியோ ஆபரேட்டர்கள். அவர் எனக்கு நான்கு வருடம் மூத்தவர், திண்டிவனத்துக்காரர். நான் விழுப்புரம். வடக்கே பனிமலையில் ஒரே போஸ்ட்டில், ஒரே தகரக் கூரையின் கீழ், இரண்டு குளிர்காலம் சேர்ந்து வேலை பார்த்தோம். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தித்துக்கொள்வோம். ஒரு மாதம் நான் திண்டிவனம் போவேன், மறு மாதம் அவர் வருவார். கடைசியாக அவரைப் பார்த்து நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன.

அவரைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். எந்தச் சொல்லையும் திருப்பிச் சொல்லாமல் அவர் வாங்கமாட்டார். திருப்பிச் சொல்லாதவனிடம் எதையும் சொல்லிவிட்டு நகரவும் மாட்டார்.

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடை உண்டு. அங்கே போய், “ரெண்டு டீ. ஒண்ணு சக்கர இல்லாம. சக்கர இல்லாதது இவருக்கு,” என்பார். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் பாலை ஆற்றுவார். உஸ்தாத் அங்கேயே நிற்பார்.

“இன்னா பட்டாளம், நின்னுக்கினே இருக்க? போய் ஒக்காரு.”

“திருப்பிச் சொல்லு.”

“டீய எப்பிடிய்யா திருப்பிச் சொல்றது?”

“நான் சொன்னதச் சொல்லு.”

கடைக்காரர் பெஞ்சில் இருப்பவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். “ரெண்டு டீ. ஒண்ணு சக்கர இல்லாம. அது வெள்ளச் சட்டக்காரருக்கு. போதுமா? இத வெச்சிக்கினு இன்னா ராக்கெட்டா வுடப் போற?”

“சரி,” என்பார் உஸ்தாத். அதைச் சொன்ன பிறகுதான் உட்காருவார். கிண்டல் அவர் மேல் ஒட்டியதே இல்லை. சொன்னது சரியாகத் திரும்பி வந்ததா, அவ்வளவுதான் அவருக்கு.

அவர் மனைவி வேறு விதமாகச் சமாளித்தார். பையைக் கையில் கொடுக்கும்போதே, “கொத்தமல்லி, பச்ச மொளகா, கால் கிலோ தக்காளி. நானே ரெண்டு வாட்டி சொல்லிட்டேன். நீங்க வேற ஆரம்பிக்காதீங்க,” என்பார். அவர் படியிறங்கிக்கொண்டே, “கொத்தமல்லி, பச்ச மொளகா, கால் கிலோ தக்காளி,” என்பது எனக்குக் கேட்கும். உள்ளேயிருந்து அந்த அம்மாள், “சரி, சரி, சரி,” என்று மூன்று முறை குரல் கொடுப்பார். அது கேட்காமல் அவர் கேட்டைத் திறக்கமாட்டார் என்று தெரியும்.

ஓய்வுக்குப் பிறகு அவர் ஒரு ரைஸ் மில்லில் வாசல் காவல் பார்த்தார். லாரி உள்ளே வரும்போது எந்தக் குடோன், எத்தனையாவது வரிசை என்று சொல்லி அனுப்ப வேண்டும். டிரைவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை தடுப்புக் கம்பு மேலே ஏறாது. “பேஜாரு புடிச்ச ஆளு,” என்று திட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் இருந்த வருடங்களில் ஒரு லாரிகூடத் தப்பான குடோனில் இறக்கவில்லை. இதை மில் முதலாளி என்னிடம் சொன்னார். நான் அன்றே குறித்து வைத்தேன்.

பட்டாளத்தில் இது விதி, அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. மேலிருந்து ரேடியோவில் ஒரு உத்தரவு வந்தால், வாங்குகிறவன் அதைச் சொல் மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘சரி’ என்ற பிறகுதான் அது உத்தரவாகும். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் நாங்கள் செய்தது பஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பேரைச் சொல்வதைப் போல. அவர் திருப்பிச் சொல்லும்போது மட்டும் அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவர் குரலில் அவசரம், பயம், மரியாதை எதுவும் இருக்காது. சொன்னவருடைய சொல் மட்டும் கழுவித் துடைத்து அவரிடமே போய்ச் சேரும்.

எங்கள் முதல் குளிர்காலம் முடிகிற சமயம். கீழேயிருந்து ஒரு மேஜர் கோபமாக உத்தரவு கொடுத்தார்: ஏழு வண்டிகளும் காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், பாலம் வழியாக, தாமதம் கூடாது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. உஸ்தாத் திருப்பிச் சொன்னார். “ஏழு வண்டிகள். காலை ஐந்து மணி. பாலம் வழியாக. தாமதம் கூடாது.” அந்தப் பக்கத்திலிருந்து ‘சரி’ வரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது விநாடி. பிறகு மேஜரின் குரல் வேறு மாதிரி வந்தது. “நில். முதலில் ஒரு ஆள் போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.” காலையில் போய்ப் பார்த்தவன், பனி உருகிய வெள்ளத்தில் பாலத்தின் ஒரு கால் சாய்ந்திருப்பதாகச் சொன்னான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவரைப் பாராட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“நான் இன்னாய்யா செஞ்சேன்? அவுரு சொன்னத அவுருக்கே போட்டுக் காட்னேன். மனுஷனுக்குத் தான் பேசறது தன் காதுல வுழறதே இல்ல. இன்னொருத்தன் வாயில வந்தாதான் வுழுது.”

எங்கள் இரண்டாவது குளிர்காலத்தில் திரை வந்தது. மலையடிவாரத் தலைமையிடத்தில் ஒரு சுவர் முழுக்கப் பெரிய திரை. எங்கள் போஸ்ட்டில் ஒரு சின்னத் திரை. ரோந்து போகிற ஒவ்வொருவர் கையிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு கருவி. யார் எந்தப் பாறைக்குப் பக்கத்தில் நடக்கிறார் என்பது வரைபடத்தின் மேல் நீலப் புள்ளியாகத் தெரியும். உத்தரவையும் அதிலேயே தட்டி அனுப்பலாம். அது போய்ச் சேர்ந்தால் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி விழும்.

அதைக் குறை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்த மாதமே மூடுபனியில் வழி தவறிய ஒரு சமையல்காரரை அந்தப் புள்ளியை வைத்துத்தான் மீட்டோம். அவர் நின்ற இடத்திலிருந்து நூறு அடியில் பள்ளம்.

ஆனால் பட்டாளம் பேசுகிற விதம் அந்தத் திரையோடு மாறியது. முன்பு ஒரு உத்தரவு ரோந்துக்குப் போக வேண்டுமென்றால் நான்கு வாயைத் தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொரு வாயும் அதைத் திருப்பிச் சொல்லும். ஒவ்வொருவரும் ஒரு கணம் யோசிப்பார்கள். ‘இன்று மாலைக்குள் அந்த மேட்டைப் பார்த்துவிட்டு வா’ என்று வரும். எப்படிப் போவது என்பது போகிறவனுடைய பாடு. திரை வந்த பிறகு கீழே இருக்கிற பெரிய அதிகாரி நேராக ரோந்தில் இருக்கும் சிப்பாயிடமே பேசலாம் என்றாகிவிட்டது. பேசினார். ‘இருபது அடி இடது பக்கம் வா’ என்று வந்தது. ‘கடைசி ஆள் ஏன் பின்தங்குகிறான்?’ என்று ஒரு நாள் வந்தது. கடைசி ஆள் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

நடுவில் இருந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. எங்கள் போஸ்ட்டுக்குப் பொறுப்பாக ஒரு இளம் கேப்டன் இருந்தார். நல்ல மனிதர், மலையேற்றத்தில் கெட்டிக்காரர். திரை வந்து மூன்று மாதத்தில், காவல் மாற்றும் நேரத்தைக்கூடத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். தான் ஏதாவது முடிவு எடுத்து, அதே நேரத்தில் கீழேயிருந்து வேறு முடிவு வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம்.

“அவங்களுக்குக் கண்ணு நீண்டுக்கினே போவுது. காது மட்டும் இருந்த எடத்துலயே நின்னுடுச்சு,” என்றார் உஸ்தாத்.

அந்தக் கருவிக்கு ஒரு நோய் இருந்தது. குளிரில் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குமேல் நிற்காது. புள்ளி அணைந்துவிட்டால் கீழேயிருந்து திட்டு வரும். இதற்கு வழி கண்டுபிடித்தவர் உஸ்தாத்தான். கருவியைக் கம்பளி சாக்ஸில் சுற்றி, கோட்டுக்கு உள்ளே வயிற்றோடு வைத்துக்கொண்டால் உடம்புச் சூட்டில் நாள் முழுக்க நிற்கும். மணிக்கு ஒரு தடவை, மணி அடிக்கிற நேரத்துக்கு, வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட வேண்டும். கருவியைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கையேட்டில் இருந்தது. கையேடு எழுதியவர்கள் அந்தக் குளிரில் நின்றவர்கள் இல்லை. எங்கள் போஸ்ட்டின் புள்ளிகள் அணைவதே இல்லை என்று கீழேயிருந்து பாராட்டு வந்தது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் ரோந்து போனவர்கள் ஐந்து பேர். தலைவன் ஒரு நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். போஸ்ட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். காலையில் கிளம்பும்போது உஸ்தாத் வழக்கம்போலச் சொல்லி, அவன் திருப்பிச் சொன்னான்.

“சாக்ஸுல சுத்தி, கோட்டுக்குள்ள, வயித்தோட, கைக்கொழந்த மாதிரி. மணிக்கு ஒரு வாட்டி வெளிய.”

“கைக்கொழந்தன்னு நான் சொல்லல.”

“அது நான் சேத்தது உஸ்தாத்.”

“சேக்காத. திருப்பிச் சொல்லு.”

அவன் சிரித்துக்கொண்டே குழந்தையை நீக்கிவிட்டுச் சொன்னான். உஸ்தாத் ‘சரி’ என்றார். அவன் சல்யூட்டைக் கொஞ்சம் அதிகப்படியாகவே அடித்துவிட்டுப் போனான்.

மதியம் இரண்டு பத்துக்குக் கீழேயிருந்து திரை வழியாக உத்தரவு போனது. மேல் சரிவில் பனி இளகியிருக்கிறது, ரோந்து உடனே திரும்ப வேண்டும். எங்கள் திரையிலும் அது தெரிந்தது. ஐந்து புள்ளிக்குப் பக்கத்திலும் பச்சை விழுந்தது.

உஸ்தாத் ரேடியோவைக் கையில் எடுத்தார். பழைய பேச்சு ரேடியோ அப்போதும் ரோந்தில் ஒருவன் தோளில் இருந்தது. ஆனால் எதிரியைக் கண்டால் தவிர அதில் பேசக் கூடாது என்று புதிய விதி. பேசினால் கீழே பதிவாகும், விளக்கம் கேட்பார்கள்.

கேப்டன், “என்ன செய்கிறாய்?” என்றார்.

“கூப்பிட்டுக் கேட்கிறேன் சாப்.”

“பச்சை வந்துவிட்டதே.”

“மனிதன் இன்னும் சொல்லவில்லை சாப்.”

“இயந்திரம் சொல்லிவிட்டது. கீழே வைத்துவிடு.”

அவர் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். கருவி சாக்ஸுக்குள் இருக்கிறது, மூன்று மணிக்குத்தான் வெளியே எடுப்பார்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சாக்ஸ் விஷயம் வெளியே வந்திருக்கும். பிறகு, ஒருவேளை இந்தப் பச்சைக்கு நமக்குத் தெரியாத வேறு அர்த்தம் இருக்கிறதோ, பார்த்துவிட்டவர்களுக்குத்தான் அது விழுமோ என்று தனக்கு ஒரு கணம் தோன்றியதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார். அதே எண்ணம் எனக்கும் வந்தது. ரேடியோவைக் கீழே வைத்தார். திருப்பிச் சொல்லாத ஒரு உத்தரவை அவர் அப்படியே விட்டது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

இரண்டு நாற்பதுக்குச் சரிவு இறங்கியது. மூன்று பேரை உயிரோடு தோண்டி எடுத்தோம். நாயக்கும் முன்னால் நடந்த இன்னொருவனும் உயிரோடு இல்லை. நாயக்கின் கோட்டைத் திறந்தபோது கருவி சாக்ஸுக்குள் சூடாக இருந்தது. அதில் உத்தரவு பிரிக்கப்படாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் பேட்டரியும் அணைந்தது.

விசாரணையில் உஸ்தாத் எல்லாவற்றையும் சொன்னார். சாக்ஸை, தான் சொல்லிக்கொடுத்ததை, ரேடியோவைக் கீழே வைத்ததை. காகிதத்தில் பதிவு எழுதுவது அதற்கு ஒரு மாதம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. இனி எல்லாம் இயந்திரமே பதிவு செய்துகொள்ளும் என்று உத்தரவு. அவர் மட்டும் மீந்துபோன ஒரு பதிவுப் புத்தகத்தில் பழக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதையும் கொண்டுபோய்க் காட்டினார். ‘2.10 திரும்பும் உத்தரவு. பச்சை. 2.11 வாய்ப் பதில் இல்லை.’ விசாரித்த அதிகாரி அதைப் படித்துவிட்டு, நிறுத்தச் சொன்ன பிறகும் எழுதியது ஏன் என்று கேட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாக்ஸ் பற்றிய வாய்ச்சொல்லுக்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. இயந்திரத்தின் பதிவில் நேரத்தோடு ஆதாரம் இருந்தது. அதன்படி விசாரணை அறிக்கையில் ஒரு வரி எழுதப்பட்டது: ‘உத்தரவு 2.10க்குப் பெறப்பட்டது. ரோந்துத் தலைவர் திரும்பவில்லை.’

உஸ்தாத்துக்குத் தண்டனை எதுவும் இல்லை.

அடுத்து நடந்ததில் என் பங்கு இருக்கிறது. அவர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது, போஸ்ட்டில் உள்ள எல்லாக் காகிதப் பதிவுகளையும் பட்டியலிட்டு எரித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டியல் போடுவது என் பொறுப்பு. நாற்பத்து மூன்று புத்தகங்கள். நாற்பத்தொன்றாவது அவருடையது. அது எந்தப் புத்தகம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உத்தரவில் ‘எல்லா’ என்று இருந்தது. அலமாரியில் எண்ணியபோது நாற்பத்து மூன்று, எரித்தபோது நாற்பத்திரண்டு என்றால் பட்டியல் பொருந்தாது. மண்ணெண்ணெய் பீப்பாயின் அடிப்பாதியில் போட்டு எரித்தோம். பட்டியலின் கீழே கையெழுத்துப் போட்டேன். பட்டியல் பொருந்தியது.

திரும்பி வந்தவர் அலமாரியைத் திறந்து பார்த்தார்.

“லாக் புக்கு எங்க?”

“எரிச்சாச்சு உஸ்தாத். ஆர்டர் வந்துச்சு.”

“எதெத எரிச்ச, சொல்லு.”

நான் பட்டியலை எடுத்து ஒன்றிலிருந்து படித்தேன். அவர் நின்றுகொண்டே கேட்டார். நாற்பத்தொன்றைப் படித்தபோது முகத்தில் எதுவும் மாறவில்லை. நாற்பத்து மூன்றுவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி,” என்றார். பிறகு ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லி மனு எழுதத் தொடங்கினார். வரைவு அவருடையது, தெளிவாக எழுதிக் கொடுப்பது நான். எரித்தவனே எழுதிக் கொடுக்கிறான் என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு தடவையும் வந்தது. முதல் மனுவுக்கு, இயந்திரப் பதிவே இறுதியானது என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, மனு பெறப்பட்டது என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்னாள் படைவீரர் கூட்டம் நடந்தது. ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி நவீனப் படை நடத்தும் முறையைப் பற்றித் திரை போட்டுப் பேசினார். வானத்தில் இருக்கும் கண் பார்க்கிறது, இயந்திரமே எது எதிரி என்று சொல்கிறது, எந்தப் பீரங்கி சுட வேண்டும் என்பதையும் அதுவே எடுத்துக் கொடுக்கிறது, அதிகாரி தொட்டால் போதும். முன்பு அரை மணி நேரம் ஆனது இப்போது சில விநாடிகளில் முடிகிறது என்றார். கை தட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

உஸ்தாத் எழுந்து நின்றார். “திருப்பிச் சொல்றது யாரு சார்?”

அதிகாரிக்குப் புரியவில்லை. உஸ்தாத் விளக்கினார். அதிகாரி சிரித்தார், நல்ல சிரிப்புதான்.

“அதெல்லாம் தானா நடந்துடுது ஹவில்தார் சாப். சிஸ்டமே அக்னாலெட்ஜ் பண்ணிடும். மனுஷன் நடுவுல இருந்தா லேட்டு.”

“லேட்டுக்குத்தான் சார் நாங்க இருந்தோம்,” என்றார் உஸ்தாத்.

பின்வரிசையில் யாரோ, “பெருசு, சாப்பாடு ஆறிக்கினு இருக்குது, ஒக்காரு,” என்றார்கள். மண்டபம் சிரித்தது. அவர் உட்கார்ந்தார். அன்று சாப்பிடாமல் ரயிலுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது மனுவுக்கு வந்த பதிலில், அந்தப் பழைய அமைப்பு கைவிடப்பட்டுப் புதியது வந்துவிட்டதாகவும், பழைய பதிவுகள் புதியதற்கு மாற்றப்படவில்லை என்றும் இருந்தது. அதாவது பச்சைக் குறியும் இப்போது எங்கும் இல்லை. அதை நம்பி எழுதிய வரி மட்டும் இருக்கிறது. அதை மாற்ற ஆதாரம் வேண்டும். ஆதாரத்தில் ஒரு பாதியை நான் எரித்தேன். மறுபாதியை அவர்களே தொலைத்துவிட்டார்கள்.

அந்தப் பதிலை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். “காயிதம் வராது,” என்றார். “வாயால சொல்லிட்டு வந்துடலாம். அந்தம்மாவுக்காவது தெரியட்டும்.”

நாயக்கின் மனைவியை அதுவரை அவர் பார்க்கப் போனதில்லை. கையில் காகிதத்தோடுதான் போவேன் என்று இருந்தார். போனில் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை விழுப்புரத்திலிருந்து பாண்டி பஸ் பிடித்துக் கண்டமங்கலத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போனோம். அந்த அம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். வேர்க்கடலைச் செடிக் குவியல் ஒரு பக்கம், ஆய்ந்த காய் முறத்தில். தினமும் பாண்டிக்கு ஒரு கம்பெனி வேலைக்குப் போகிறவர், அன்று லீவு. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்.

“ஒக்காருங்க சார். டீ போட்டுக்கினு வர்றேன்.”

“வேணாம்மா. ஒரு சேதி சொல்ல வந்தேன். நின்னுக்கினே சொல்றேன்.”

உஸ்தாத் நிமிர்ந்து, கைகளை உடம்போடு ஒட்டி நின்றார். ரேடியோவில் பேசும் அந்த ஏற்ற இறக்கம் இல்லாத குரல் ஏழு வருடம் கழித்து வந்தது.

“ரெண்டு பத்துக்கு வந்த ஆர்டரு ஒங்க வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரல. மிஷினுக்குத்தான் சேந்துச்சு. மிஷினு சாக்ஸுக்குள்ள இருந்துச்சு. சாக்ஸுல சுத்தச் சொன்னவன் நான். வாயால கூப்புட வேண்டியவனும் நான். கூப்புடல.”

அந்த அம்மாள் கையில் இருந்த செடியிலிருந்து காய்களைப் பறித்துவிட்டுச் செடியைத் தூரப் போட்டார். இன்னொன்றை எடுத்தார்.

“திருப்பிச் சொல்லும்மா,” என்றார் உஸ்தாத்.

“எதுக்கு சார்?”

“நீ வாங்கிக்கினியான்னு எனக்குத் தெரியணும்.”

“நான் வாங்கிக்கல சார்.”

கோபமாகச் சொல்லவில்லை. கை நிற்காமல் வேலை செய்தது.

“லெட்டர் வந்தன்னிக்கு எங்க மாமியாரு, ‘சொல்பேச்சு கேக்காத புள்ள, எப்பவும் அப்பிடித்தான்’னு சொல்லி அழுதுச்சு. நானும் அதையே புடிச்சிக்கினேன். பஸ்ஸுல போறப்ப, வர்றப்ப, மனசுக்குள்ள அவரோட சண்ட போட்டுக்கினேதான் போவேன். திரும்பி வான்னு சொன்னா வர்றதுக்கு ஒனக்கு இன்னா கேடுன்னு. ஏழு வருஷமா அந்தச் சண்டதான் எனக்குத் தொண. இப்ப வந்து அவரு காதுலயே வுழலன்னு சொல்றீங்க. நான் யாரோட சண்ட போடறது?”

“என்னோட போடும்மா.”

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கி உஸ்தாத்தை முழுசாகப் பார்த்தார்.

“நீங்க யாரு சார்? ரேடியோவுல பேசறவரு. ஒங்களோட இன்னா சண்ட எனக்கு?” என்றார். பிறகு, “வெயில்ல வந்திருக்கீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க,” என்று எழுந்து உள்ளே போனார்.

டீ வந்தது. இரண்டிலும் சர்க்கரை இருந்தது. எனக்குச் சர்க்கரை ஆகாது என்று உஸ்தாத் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் குடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். வழக்கமாக ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டுக் கண்டக்டர் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டார். அன்று டிக்கெட் நான்தான் வாங்கினேன். பஸ் சவுக்குத் தோப்புகளைத் தாண்டிக் கரும்பு வயல்களுக்குள் வந்தபோது, “உஸ்தாத், அடுத்த ஞாயித்துக்கெழம நான் திண்டிவனம் வர்றேன். பத்து மணி பஸ்ஸு,” என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் நேரம் போட்டு எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அன்றைய பக்கத்தில் இருக்கிறது: ‘5.40. உ. பதில் இல்லை.’

விழுப்புரத்தில் இறங்கி அவர் ரயில் நிலையத்தின் பக்கம் நடந்தார். அதுதான் கடைசி. சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் போனேன். வீடு பூட்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு வெளியூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மில் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். தடுப்புக் கம்பு தூக்கியே கிடந்தது. லாரிகள் தாமாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தன.

போன் செய்தால் அவர் எடுப்பதில்லை. ஒரு தடவை மட்டும் அவர் மனைவி எடுத்தார்.

“இப்பல்லாம் எதையும் திருப்பிச் சொல்றதில்லீங்க. இன்னா சொன்னாலும் தலைய ஆட்டிட்டுப் போயிடறாரு. அப்பாடான்னு இருக்கும்னு நெனச்சேன்,” என்றார். பிறகு, “கொத்தமல்லி வாங்கியாங்கன்னா வெறும் பையோட வந்து நிக்கறாரு,” என்றார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறேன். எரித்தது நான்தான் என்று மட்டும் எழுதுவேன், வேறு எதுவும் இல்லை. ஐம்பது முறை அனுப்பியாயிற்று. அனுப்பியதும் பக்கத்தில் இரண்டு கோடு விழுகிறது, போய்ச் சேர்ந்துவிட்டது என்று. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே பஸ்ஸில் வந்த அன்று எழுதிய அதே இரண்டு சொல்லை எழுதி நாட்குறிப்பை மூடுகிறேன்.